செவ்வாயில் குடித்தனம் நடக்குமா?

கேள்வி: இன்னும் இருபது ஆண்டுகளில் தன் தலைமுறை செவ்வாயில் வீடு கட்டிக் குடியேறிவிடும் என்று என் பேரன் அடித்துச் சொல்கிறான். மனிதன் உண்மையிலேயே என்றாவது விண்வெளியில் குடியேறுவானா?
– ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர், கோபிசெட்டிபாளையம்

பதில்: போய்த் தங்குவது வேறு, குடியேறுவது வேறு. 2000ஆம் ஆண்டு நவம்பர் 2 முதல் பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் ஆள் இல்லாத நாளே கிடையாது. ஆனாலும் அங்கே இருப்பவர்களைக் குடியேறியவர்கள் என்று எவரும் சொல்வதில்லை. சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் முறை வைத்து மாறும் பணியாளர்கள் அவர்கள். சிறுநீரையும் வியர்வையையும்கூடச் சுத்திகரித்துத் தண்ணீரில் 98 விழுக்காட்டை மீட்டெடுக்கும் அளவுக்கு அந்நிலையத்தின் கருவிகள் தேறிவிட்டன என்றாலும், சாப்பாடு ஏறக்குறைய முழுவதும் கீழேயிருந்துதான் போகிறது.

குடியேற்றம் என்று சொல்ல வேண்டுமானால், ஊரிலிருந்து மூட்டை வருவது நின்றுபோனாலும் அங்கே இருப்பவர்கள் பிழைக்க வேண்டும்; பிள்ளைகள் அங்கேயே பிறந்து வளர வேண்டும். இந்த அளவுகோலை வைத்தால் அண்டார்க்டிகாவே தேறாது. அங்கே சுவாசிக்கக் காற்று உண்டு, உறைந்த தண்ணீர் மலையளவு உண்டு, கப்பலும் விமானமும் போகின்றன. நம் மைத்ரி, பாரதி நிலையங்கள் உட்படப் பல நாடுகளின் ஆய்வு நிலையங்கள் இயங்குகின்றன. 1978இல் அர்ஜென்டீனாவின் எஸ்பரான்சா தளத்தில் ஒரு குழந்தைகூடப் பிறந்தது. நூறாண்டுக்கு மேலாகப் போய்வந்தும், தலைமுறை தலைமுறையாக அங்கே வாழும் குடி என்று ஒன்றுகூட இல்லை.

செவ்வாயின் காற்றழுத்தம் நம்முடையதில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. இருக்கும் அந்தக் காற்றிலும் 95 விழுக்காடு கரியமில வாயு. அதிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்தெடுக்க முடியுமா என்று பார்ப்பதற்காக, 2021இல் அங்கே இறங்கிய பெர்சவரன்ஸ் ஊர்தியில் மாக்சி என்ற சிறு கருவியை நாசா வைத்து அனுப்பியது. 2023 வரை 16 முறை இயக்கியதில் கிடைத்த ஆக்சிஜன் மொத்தம் 122 கிராம். ஒரு மனிதருக்கு நாளொன்றுக்குச் சுமார் 840 கிராம் வேண்டும் என்பதால், அது ஒருவர் மூன்றரை மணி நேரம் மூச்சுவிடத்தான் காணும். மாதிரிக் கருவி என்ற அளவில் அது முழு வெற்றி என்பதையும், பெரிதாகக் கட்டினால் பெரிதாகக் கிடைக்கும் என்பதையும் பேரன் சொல்வான். அவன் சொல்வது சரிதான்.

எனக்கு ராக்கெட்டைப் பற்றியோ கருவிகளைப் பற்றியோ பெரிய சந்தேகம் இல்லை. மண்ணைப் பற்றித்தான் சந்தேகம். அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், காடும் சிறு கடலும் வயலும் உள்ளே அடங்கும்படி மூன்று ஏக்கருக்குச் சற்று மேற்பட்ட பரப்பில் ‘பயோஸ்பியர் 2’ என்ற கண்ணாடிக் கூடத்தைக் கட்டி, 1991 செப்டம்பரில் எட்டுப் பேரை உள்ளே அனுப்பிக் கதவை அடைத்தார்கள். பதினாறு மாதங்களில் உள்ளிருந்த ஆக்சிஜன் 21 விழுக்காட்டிலிருந்து சுமார் 14 விழுக்காட்டுக்கு இறங்கிவிட்டது. போன இடம் தெரியாமல் விஞ்ஞானிகள் திகைத்தார்கள். விளைச்சல் செழிக்கட்டும் என்று மண்ணில் தாராளமாகக் கலந்திருந்த மக்கிய உரத்தைத் தின்று பெருகிய நுண்ணுயிர்கள் ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு கரியமில வாயுவை வெளியிட்டன. அந்த வாயுவைச் செடிகள் வாங்கி ஆக்சிஜனாகத் திருப்பித் தந்திருக்க வேண்டும், ஆனால் கட்டடத்தின் கான்கிரீட் அதை உறிஞ்சித் தனக்குள் சுண்ணாம்புச் சேர்மமாகப் பூட்டி வைத்துக்கொண்டது. சுவர் மூச்சைக் குடிக்கும் என்று கட்டியவர் எவரும் கணக்குப் போட்டிருக்கவில்லை. மகரந்தம் சேர்க்கும் பூச்சிகள் மடிந்தன, எறும்புகள் பெருகின. மற்றப் பயிர்களை நம்ப முடியாமல் சர்க்கரைவள்ளிக் கிழங்கையே தின்று தின்று தோல் ஆரஞ்சு நிறமாக மாறியவரும் உண்டு. எட்டுப் பேரும் மெலிந்துபோனாலும் இரண்டாண்டை முடித்துவிட்டுத்தான் வெளியே வந்தார்கள். ஆனால் அதற்கு 1993 ஜனவரியில் வெளியிலிருந்து ஆக்சிஜன் ஏற்ற வேண்டியிருந்தது. செவ்வாய்க்குப் புறப்பட ஏற்ற சமயம் 26 மாதங்களுக்கு ஒருமுறைதான் வாய்க்கும். புறப்பட்டாலும் போய்ச் சேர ஆறு மாதத்துக்கு மேல் ஆகும்.

இனிப் பிள்ளைப்பேறு. 1994இல் கொலம்பியா விண்கலத்தில் மெடாகா மீன்கள் கூடி முட்டையிட்டுக் குஞ்சு பொரித்தன. ஆனால் விண்வெளியில் எந்தப் பாலூட்டியும் கருவுற்று, ஈன்று, குட்டியை வளர்த்ததில்லை. எடையற்ற நிலையில் விண்வெளி வீரர்கள் மாதத்துக்கு ஒரு விழுக்காடு அளவுக்கு எலும்பின் அடர்த்தியை இழக்கிறார்கள். பூமியினுடையதில் 38 விழுக்காடே உள்ள செவ்வாயின் ஈர்ப்பில் ஒரு கருவின் எலும்பு எப்படி உறுதிப்படும் என்பதற்கு இன்று விடை கிடையாது. ஆகவே, செவ்வாய்க்கு முறைவேலைக்குப் போய்த் திரும்பும் மனிதர்களை உங்கள் பேரன் பார்ப்பான் என்றே நம்புகிறேன். குடித்தனம் இந்த நூற்றாண்டில் நடக்கும் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

கேள்வி: எங்கள் மாவட்டத்து மண் நிலாவின் மண்ணைப் போன்றது என்று செய்தித்தாளில் படித்தேன். அப்படியானால் நிலாவில் விவசாயம் செய்ய முடியும் அல்லவா?
– பள்ளி ஆசிரியை, நாமக்கல்

பதில்: சித்தம்பூண்டி, குன்னமலை ஊர்களில் கிடைக்கும் அனார்த்தோசைட் பாறையைப் பொடித்துத்தான், சந்திரயான்-2 திட்டத்துக்காக இஸ்ரோ பெங்களூரில் செயற்கை நிலாத் தரையை அமைத்துச் சோதனை செய்தது. நிலாவின் மேட்டுநிலங்களும் அதே பாறை வகையால் ஆனவை. ஆனால் ஒப்புமை பாறையோடு நின்றுவிடுகிறது. உங்கள் ஊர் மண்ணில் மழையும் காற்றும் மண்புழுவும் வேலை செய்திருக்கின்றன. நிலாத் துகளோ, தேய்க்க எதுவும் இல்லாததால் உடைத்த கண்ணாடி போலக் கூராகவே கிடக்கிறது.

உண்மையான நிலா மண்ணிலேயே விதைத்துப் பார்த்துவிட்டார்கள். அப்பல்லோ 11, 12, 17 பயணங்களில் வந்த மண்ணில், செடி ஒன்றுக்கு ஒரு கிராம் வீதம் எடுத்து, கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த அராபிடாப்சிஸ் விதைகளை புளோரிடா பல்கலைக்கழகத்தினர் தூவினார்கள். முடிவு 2022இல் வெளிவந்தது. எல்லாமே முளைத்தன. ஆறாம் நாள் வாக்கில் வேர் குன்றத் தொடங்கியது. சில செடிகளின் இலை செம்பழுப்பு படர்ந்தது. உப்புக்கும் உலோகத்துக்கும் அஞ்சும் செடியின் மரபணுக்கள் எப்படி விழித்துக்கொள்ளுமோ, அப்படியே அவற்றிலும் விழித்திருந்தன. தண்ணீரும் சத்தும் ஊற்றிக்கொண்டே இருந்தும் இந்த நிலை.

செவ்வாய் மண்ணில் இன்னொரு தொல்லை. தைராய்டு சுரப்பியைப் பாதிக்கும் பெர்குளோரேட் உப்பு அதில் கலந்திருப்பதை 2008இல் பீனிக்ஸ் கலம் கண்டறிந்தது. அது தண்ணீரில் கரையும் என்பதால், அரிசி களைவது போல நாலு தண்ணீர் விட்டு மண்ணைக் களைந்துவிடலாம். அந்த நாலு தண்ணீரைப் பனிக்கட்டியாகத் தோண்டியெடுத்து உருக்க வேண்டும் என்பதுதான் சங்கடம்.

கேள்வி: என் மைத்துனர் திருமண நாள் பரிசாக நிலாவில் ஒரு ஏக்கர் வாங்கித் தந்திருக்கிறார். செல்லுமா?
– வாசகர், மதுரை

பதில்: செல்லாது. இந்தியாவும் ஏற்றுக்கொண்டுள்ள 1967ஆம் ஆண்டு விண்வெளி உடன்படிக்கையின் இரண்டாம் பிரிவு, நிலாவையோ வேறு எந்த விண்பொருளையோ எந்த நாடும் தனதாக்கிக்கொள்ள முடியாது என்கிறது. நாட்டுக்கே உரிமை இல்லாத நிலத்துக்குப் பட்டா தர எவரும் இல்லை. அங்கே வெட்டியெடுத்த தாதுவைத் தன் குடிமக்கள் வைத்துக்கொள்ளலாம் என்று அமெரிக்கா 2015இல் சட்டம் இயற்றியது; அந்தச் சட்டமும் நிலத்தைத் தொடவில்லை. பத்திரம் அழகாக அச்சிடப்பட்டிருந்தால் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டிவையுங்கள். வில்லங்கச் சான்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.