கட்டம் நிரம்பிவிட்டது, இறுதி விடை எங்கே?

போன இதழில் ‘தலை போகிற காரியம்’ என்று ஒரு குறுக்கெழுத்துப் புதிர் போட்டிருந்தோம். கட்டங்களை நிரப்பினால் மட்டும் போதாது, உள்ளே நான்கு எழுத்தில் ஓர் ஊர் ஒளிந்திருக்கிறது, அதைத்தான் அனுப்ப வேண்டும் என்று கீழே எழுதியிருந்தோம். அதையொட்டி வந்த கேள்விகளுக்கு இந்த முறை பதில்.

எல்லாக் கட்டத்தையும் அரை மணி நேரத்தில் நிரப்பிவிட்டேன். அப்புறம் மூன்று நாள் பார்த்துக்கொண்டே இருந்தும் ஊர் கிடைக்கவில்லை. எங்கிருந்து தொடங்குவது?
– வாசகி, கும்பகோணம்

தலைப்பிலிருந்து தொடங்குங்கள். சாதாரணக் குறுக்கெழுத்துக்குத் தலைப்பே தேவையில்லை, எண் போட்டாலே போதும். இறுதி விடை ஒளிந்திருக்கும் புதிருக்குத் தலைப்பு வைத்தால் அது அலங்காரத்துக்கு இல்லை. ‘தலை போகிற காரியம்’ என்றால் அவசரமான வேலை என்று நாம் எல்லோரும் பழகிப்போய் வாசித்துவிடுகிறோம், அந்தப் பழக்கத்தை ஒரு நிமிடம் தள்ளிவைத்துவிட்டு அதை எழுத்துக்கு எழுத்து அப்படியே எடுத்துக்கொண்டால் என்ன ஆகும்? எதற்கோ தலை போக வேண்டும்.

இப்போது இடமிருந்து வலம் விடைகளைத் தனித்தாளில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதுங்கள். இதை அவசியம் செய்யுங்கள், கட்டத்தையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தால் கண் ஓடாது. பம்பரம், ஊஞ்சல், சிகரம், வசதி என்று வரிசையாக வந்ததும் ஒவ்வொன்றின் முதல் எழுத்தையும் விரலால் மறைத்துப் பாருங்கள். பம்பரத்தில் மிஞ்சுவது ‘ம்பரம்’, ஊஞ்சலில் ‘ஞ்சல்’, இவை சொல்லே இல்லை. ஆனால் சிகரத்தில் கரம் மிஞ்சுகிறது, வசதியில் சதி, காரணத்தில் ரணம், சிகையில் கை. விடைகள் எத்தனை இருந்தாலும் இந்த நான்கு மட்டும்தான் தலை போன பின்னும் உயிரோடு இருக்கின்றன. நாங்கள் கேட்டதும் நான்கு எழுத்து ஊர். போன தலைகளை வரிசையாக எடுத்தால் சி, வ, கா, சி.

இதோடு நிற்காமல் மேலிருந்து கீழ்க் குறிப்புகளையும் ஒரு தடவை திரும்பப் படியுங்கள். ‘கரம் கூப்பிச் செய்வது (5)’ என்று ஒன்று, விடை வணக்கம். ‘சதி செய்து பாண்டவர்களை வென்ற மாமன் (3)’, சகுனி. ‘ரணம் ஆற இதைப் போடுவார்கள் (4)’, மருந்து. ‘கை கழுவத் தேவை (4)’, தண்ணீர். நீங்கள் சரியான பாதையில்தான் போகிறீர்கள் என்று உறுதி சொல்ல அந்த நான்கு சொற்களையும் குறிப்புகளுக்குள் வைத்திருந்தோம். புதிர் போடுகிறவருக்கு ‘வணக்கம்’ என்ற விடைக்குக் குறிப்பு எழுத நூறு வழி உண்டு. அத்தனையையும் விட்டுவிட்டு ‘கரம்’ என்ற கொஞ்சம் பழைய சொல்லை ஏன் எடுத்தார்? கட்டம் நிரம்பிய பிறகு நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். எந்த இடத்தில் புதிர்காரர் வேறு வழியில்லாமல் ஒன்றைச் செய்திருக்கிறார் என்று தேடுங்கள்: வழக்கத்தில் இல்லாத ஒரு விடை, சுற்றி வளைத்து எழுதிய ஒரு குறிப்பு, தேவைக்கு மேல் நீளமான ஒரு வரி, இரண்டு தடவை தலைகாட்டும் ஒரு சொல். அங்கேதான் கதவு இருக்கும்.

கரம், கை இரண்டும் ஒரே பொருள். அதை வைத்து ‘கைகாட்டி’ என்று அனுப்பினேன், நான்கு எழுத்துதான், ஊர் பெயரும்தான். ஏன் தவறு?
– வாசகர், புதுக்கோட்டை

கைகாட்டி என்ற பெயர் இருப்பது எனக்கும் தெரியும், உங்கள் யோசனையும் அழகானது. ஆனால் சதியையும் ரணத்தையும் என்ன செய்தீர்கள்? இரண்டு சொற்கள் ஒத்துப்போவது தற்செயலாகவும் நடக்கும். ஒரு வழியைக் கண்டுபிடித்ததும் அது எல்லாவற்றுக்கும் பொருந்துகிறதா, மிச்சம் எதுவும் கையில் நிற்கிறதா என்று பாருங்கள். மிச்சம் நின்றால் பாதை தவறு.

இதில் என் பங்கும் இருக்கிறது. கரம், கை என்ற ஒற்றுமையை அச்சுக்குப் போகும் முன் நான் கவனித்திருக்க வேண்டும். சிகைக்குப் பதிலாக ‘சிதை’ என்று வைத்திருந்தால் மிஞ்சுவது தை மாதம், உங்களுக்கு அந்த அலைச்சல் இருந்திருக்காது. வருந்துகிறேன்.

பாதிக் கட்டம் காலியாக இருக்கும்போதே இறுதி விடையைப் பிடிக்கலாமா?
– வாசகர், திருநெல்வேலி

தாராளமாக. சி, வ, அப்புறம் ஒரு காலி, அப்புறம் சி என்று கிடைத்தாலே ஊர் தெரிந்துவிடும், பிறகு அந்தக் காலியிடத்து விடை ‘கா’வில் தொடங்குகிறது என்று திரும்பிப் போய் நிரப்பலாம்.

தீபாவளி வருகிறது, நான்கெழுத்து ஊர் என்றதும் சிவகாசி என்று ஊகித்து அனுப்பிவிட்டேன். சரியாகவே இருந்தது. இது முறையா?
– வாசகர், ஓசூர்

விடை சரியென்றால் ஏற்றுக்கொள்வோம், வழியை எழுதச் சொல்லி நாங்கள் கேட்கவில்லையே. ஆனாலும் உங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன், விடை தெரிந்த பிறகாவது வழியைத் தேடிப் பாருங்கள். சரியான வழியில் போய் விடை கிடைக்கும்போது ‘இதுவாக இருக்குமோ’ என்ற சந்தேகமே வராது, பூட்டு திறக்கிற சத்தம் மாதிரி ஒன்று உள்ளே கேட்கும். ஊகத்தில் அது கேட்காது. பரிசு வந்தாலும் அந்த ஒரு நொடியை இழந்துவிட்டீர்களே என்றுதான் எனக்கு இருக்கிறது.

இந்த மாதிரிப் புதிர்கள் வெளிநாட்டுப் பத்திரிகைகளில் வருவதாகச் சொல்கிறார்களே, அங்கே எப்படி?
– வாசகி, மதுரை

நிறைய வருகின்றன. அமெரிக்காவில் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் 2015 முதல் வெள்ளிக்கிழமைதோறும் இப்படி ஒரு போட்டிப் புதிர் போடுகிறது, பரிசு ஒரு காபிக் கோப்பைதான், அதற்கே அத்தனை பேர் முட்டி மோதுகிறார்கள். அதற்கு நிறையப் புதிர்கள் அமைத்திருக்கும் மேட் கேஃப்னி 2008 முதல் தனியாகவும் வாராந்தரப் போட்டி நடத்திவந்தவர். மாதத்தின் முதல் வாரம் சுலபமாகத் தொடங்கி வாரத்துக்கு வாரம் கடினமாகிக்கொண்டே போகும்படி அவர் வைத்த முறை எனக்கு மிகவும் பிடிக்கும். புதிதாக வருகிறவர்களுக்கு முதல் வாரம், ஊறிப்போனவர்களுக்குக் கடைசி வாரம்.

இங்கிலாந்தில் இன்னும் பழைய மரபு இருக்கிறது. பிபிசியின் ‘தி லிஸனர்’ வார இதழில் 1930 ஏப்ரலில் தொடங்கிய புதிர், 1991இல் இதழ் நின்றபோதும் நிற்காமல் ‘தி டைம்ஸ்’ நாளிதழின் சனிக்கிழமைப் பதிப்புக்குக் குடிபெயர்ந்து இன்னும் நடக்கிறது. அதில் பெரும்பாலும் கறுப்புக் கட்டங்களே இருக்காது, சொல் முடியும் இடத்தில் தடித்த கோடு மட்டும். எல்லாம் நிரப்பிய பிறகு சில எழுத்துகளை மாற்றச் சொல்லும், சில கட்டங்களுக்கு வண்ணம் பூசச் சொல்லும். அந்தக் கடைசிப் படியில் சறுக்கினால் அதுவரை செய்த வேலை கணக்கில் வராது.

இதைவிட என்னை அசைத்த ஒன்று ‘தி கார்டியன்’ நாளிதழில் 2013 ஜனவரியில் வந்தது. அரகேரியா என்ற புனைபெயரில் பல பத்தாண்டுகள் புதிர் போட்ட பாதிரியார் ஜான் கிரகாமுக்கு அப்போது 91 வயது. புதிரின் மேலே தன்னைப் பற்றி ஒரு வரி எழுதி, முக்கியமான சொற்கள் இருக்க வேண்டிய இடங்களில் கட்ட எண்களை மட்டும் போட்டிருந்தார். கட்டங்களை நிரப்பி அந்த எண்களுக்குரிய விடைகளைப் பொருத்தினால், தனக்கு உணவுக்குழாயில் புற்றுநோய் என்றும், வலி தணிக்கும் சிகிச்சை நடக்கிறது என்றும் வந்தது. தன் வாசகர்களுக்கு அவர் அதை அவர்களுக்குப் பழகிய மொழியிலேயே சொன்னார். அதே ஆண்டு நவம்பரில் காலமானார். ஒளித்துவைத்த விடை வெறும் விளையாட்டு என்று யாராவது சொன்னால் எனக்கு இந்தப் புதிர்தான் நினைவுக்கு வரும்.

எங்கேயும் அறிவிக்காமலே சிலர் எதையோ ஒளித்து வைப்பார்களாமே?
– வாசகர், கோவை

உண்டு. ஆங்கிலப் புதிர் உலகில் அதற்கு ‘நீனா’ என்று பெயர். அமெரிக்க ஓவியர் ஆல் ஹிர்ஷ்ஃபெல்ட் 1945இல் மகள் நீனா பிறந்ததிலிருந்து தன் கோட்டோவியங்களில் கூந்தல், சட்டை மடிப்பு என்று எங்காவது அவள் பெயரை எழுதிவைப்பார், வாசகர்கள் தேடுவார்கள். அந்தப் பெயர் புதிருக்கும் ஒட்டிக்கொண்டது. கட்டத்தின் ஓரங்களையும் மூலைவிட்டங்களையும் ஒரு முறை வாசித்துப் பார்ப்பது நல்ல பழக்கம்.

தமிழில் இதைச் செய்வது சுலபமா, கஷ்டமா?
– வாசகர், யாழ்ப்பாணம்

போடுகிறவருக்குக் கஷ்டம், கண்டுபிடிக்கிறவருக்கு அதனாலேயே ஒரு லாபம் உண்டு. ஆங்கிலத்தில் 26 எழுத்து, அதில் ஏறக்குறைய எந்த எழுத்திலும் சொல் தொடங்கும், ஆகவே முதல் எழுத்துகளைக் கோத்து எதை வேண்டுமானாலும் எழுதலாம். நம்மிடம் 247 எழுத்து இருந்தும் மெய்யில் சொல் தொடங்காது, ட, ண, ற, ன, ழ, ள வரிசைகளில் இரவல் சொற்களை விட்டால் தொடங்காது. சேலத்தை முதல் எழுத்துகளில் ஒளிக்க முடியாது, கடைசியில் ‘ம்’ நிற்கிறது. திருச்சியில் ‘ச்’, சென்னையில் ‘ன்’. சிவகாசியின் நான்கு எழுத்துமே சொல்லுக்கு முதலில் வரக்கூடியவை, நான் அதைத் தேர்ந்தெடுக்க உண்மையான காரணம் அதுதான். இதைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள்: இறுதி விடை ஊர் என்றும், முதல் எழுத்துகளில் இருக்கிறது என்றும் தெரிந்துவிட்டால் பாதி ஊர்கள் அப்போதே அடிபட்டுப்போகும். மெய் வருகிற விடை என்றால் சொல்லின் நடுவிலோ கடைசியிலோ, வட்டமிட்ட கட்டங்களிலோ தேடுங்கள்.

எண்கள் வந்தால் தமிழ் எண்களையும் மறக்காதீர்கள். க என்றால் 1, உ என்றால் 2, அ என்றால் 8, வ என்றால் கால். ‘எட்டேகால் லட்சணம்’ என்று ஔவையார் பேரில் வழங்கும் தனிப்பாட்டில் வருவது ‘அவலட்சணம்’ என்பது இந்தக் கணக்கில்தான். ஒளித்துவைப்பது நமக்கு வெளியிலிருந்து வந்த பழக்கம் இல்லை.

நேரடியான குறிப்பு என்றால் போட்டுவிடுவேன். மறைபொருள் குறிப்பு வந்தால் கை நின்றுவிடுகிறது. ஒரு உதாரணம் கொடுங்களேன்.
– வாசகி, காரைக்குடி

‘திட்டு, களங்கம் சேர்ந்த விடியற்காலை (3)’. படித்ததும் மேகம் திட்டுத் திட்டாகப் படிந்த வானம்தான் மனதில் வரும், வரட்டும், ஆனால் அந்தப் படத்தை நம்பாதீர்கள். இத்தகைய குறிப்பில் ஒரு முனையில் நேர்ப்பொருள் இருக்கும், மீதி முழுவதும் சொல்லைக் கட்டும் செய்முறை. இங்கே நேர்ப்பொருள் ‘விடியற்காலை’. ‘திட்டு’ என்பதை ஏச்சு என்று எடுத்துக்கொண்டால் ‘வை’, வைதான் என்கிறோமே அந்த வை. களங்கம் என்றால் கறை. சேர்த்தால் வைகறை.

இறுதி விடை போலவே ஒன்று கிடைக்கிறது, ஆனால் தவறாகப் போகிறது. இது எனக்குப் பல தடவை நடந்துவிட்டது.
– வாசகர், தஞ்சாவூர்

எனக்கும் நடந்திருக்கிறது. பல வருடத்துக்கு முன் ஒரு போட்டியில் வட்டமிட்ட எழுத்துகளைச் சேர்த்து ‘கடைசி வரி’ என்று கண்டுபிடித்து, சந்தோஷத்தில் அதையே எழுதி அனுப்பிவிட்டேன். கேட்டிருந்ததோ ஒரு பறவையின் பெயர். கடைசி வரியைப் பார் என்று அது எனக்குச் சொன்ன வழி, நான் வழியையே ஊர் என்று நினைத்துவிட்டேன். அன்றிலிருந்து கிடைத்ததை எழுதும் முன் போட்டியில் என்ன கேட்டிருக்கிறார்கள் என்ற வரியை மறுபடி படிக்கிறேன். பறவை கேட்டால் பறவை வர வேண்டும், எழுத்து எண்ணிக்கையும் ஒத்துப்போக வேண்டும்.

நண்பரிடம் கேட்கலாமா? இணையத்தில் தேடலாமா?
– வாசகி, பெங்களூரு

கட்டத்தை நிரப்ப அகராதி, இணையம் எதையும் பார்க்கலாம். இறுதி விடையை மட்டும் கடைசித் தேதி முடியும்வரை யாருக்கும் சொல்லாதீர்கள், கேட்காதீர்கள். ரொம்பத் திணறினால் ஏற்கெனவே முடித்தவரிடம் ‘நான் சரியான இடத்தில் தேடுகிறேனா’ என்று மட்டும் கேளுங்கள், ஆம் அல்லது இல்லை போதும். அதற்கும் முன்னால் ஒரு இரவு மூடிவைத்துவிட்டுக் காலையில் எடுத்துப் பாருங்கள்.

நான் எட்டாம் வகுப்பு படிக்கிறேன். எனக்கு இந்த மாதிரிப் புதிர் போட ஆசை. கட்டத்தை முதலில் வரைய வேண்டுமா?
– மாணவி, நாமக்கல்

இல்லை, கட்டம் மூன்றாவதாகத்தான் வரும். முதலில் ஒளிக்கப் போகிற விடையை முடிவு செய், அடுத்து அதைத் தாங்கும் சொற்களைத் தேடு, அவற்றைக் கட்டத்தில் உட்காரவைத்துவிட்டு மிச்ச இடங்களைச் சாதாரணச் சொற்களால் நிரப்பு. குறிப்புகளைக் கடைசியில் எழுது. எழுதி முடித்ததும் வீட்டில் யாரிடமாவது கொடுத்துப் பக்கத்தில் உட்கார்ந்து பார், அவர்கள் எங்கே வழி தவறுகிறார்கள் என்பது உன் கண்ணுக்குத் தெரியும், அப்போது வாயைத் திறக்கக் கூடாது.

முதல் புதிருக்குச் சின்னதாக எடுத்துக்கொள். ‘பாவை’ என்பது உன் இறுதி விடை என்று வைத்துக்கொள்வோம். பாசுரத்தின் தலையை எடுத்தால் சுரம். மேலே பார்த்த வைகறையின் தலையை எடுத்தால் கறை. இரண்டும் கிடைத்துவிட்டன. ஐந்துக்கு ஐந்து கட்டம் போட்டு, தலைப்பை மட்டும் நீயே யோசித்து அனுப்பு.