ஆந்திராவுக்கு மூணு தலைநகரம்னு அப்போதைய முதல்வர் ஜெகன் சொன்னப்போ அமராவதி விவசாயிங்க ஏன் அவ்ளோ கொதிச்சாங்க?

2014ல தெலங்கானா பிரிஞ்சப்போ ஹைதராபாத் அவங்க பக்கம் போயிடுச்சு, ஆந்திராவுக்கு பத்து வருஷம் வரைக்கும் பொதுத் தலைநகரம் மட்டும்தான். அதான் அப்போ முதல்வரா இருந்த சந்திரபாபு நாயுடு கிருஷ்ணா நதிக் கரையில அமராவதி கட்டப்போறோம்னு 29 கிராமத்துல 33,000 ஏக்கருக்கு மேல வாங்கினாரு. ரொக்கமா விலை குடுத்து இல்லீங்க, பின்னாடி டெவலப் பண்ணின பிளாட் தர்றோம், அதுவரைக்கும் வருஷா வருஷம் ஒரு தொகை தர்றோம்னு வாக்கு குடுத்து. பிரச்சனையோட வேரே இதுதான்.

2019ல ஜெயிச்ச ஜெகன், நிர்வாகம் விசாகப்பட்டினம், சட்டசபை அமராவதி, ஹைகோர்ட் கர்னூல்னு பிரிச்சிட்டாரு. கர்னூல் இருக்கிற ராயலசீமா பகுதிக்காரங்க மனக்குறை நியாயம்தான், 1953ல கர்னூல்தான் தலைநகரம், மூணே வருஷத்துல அது ஹைதராபாத்துக்குப் போயிடுச்சு. ஆனா தலைமைச் செயலகமே இல்லாத ஊர்ல அந்த பிளாட்டுக்கு யாரு விலை குடுப்பா, மூணு போகம் விளையுற மண்ணக் குடுத்தவங்க எங்க போவாங்க? பொம்பளைங்க எல்லாம் ரோட்டுல உக்காந்து போராடினாங்க, மனசு ஆறல எனக்கு.

2021 நவம்பர்ல அந்த மூணு தலைநகரச் சட்டத்த ஜெகன் அரசே வாபஸ் வாங்கிடுச்சு, 2022 மார்ச்ல ஹைகோர்ட்டும் விவசாயிங்க பக்கமே தீர்ப்பு சொல்லுச்சு. 2024ல நாயுடு திரும்ப வந்தப்புறம்தான் கட்டுமான வேலை மறுபடி சூடு பிடிச்சுது.