நாடி ஜோதிடருக்கு அப்பாவின் பெயர் எப்படித் தெரிந்தது?

கேள்வி: அப்பா இறந்து எட்டு மாதம் ஆகிறது. உறவினர் ஒருவர் அம்மாவை நாடி ஜோதிடம் பார்க்க அழைத்துப் போனார். கட்டைவிரல் ரேகையை மட்டும்தான் வாங்கினார்களாம். பழைய ஓலைச்சுவடியிலிருந்து அப்பாவின் பெயரைச் சரியாகப் படித்துவிட்டார்களாம். இப்போது பரிகாரத்துக்கு 30,000 ரூபாய் கேட்கிறார்கள். அம்மா முழுதாக நம்புகிறார். என்ன செய்வது?

பதில்: அம்மா பொய் சொல்லவில்லை. அவருக்கு அப்படித்தான் நினைவிருக்கும். ஆனால் ரேகை கொடுத்ததற்கும் கடைசி ஓலைக்கும் நடுவே நிறையக் கேள்விகள் நடந்திருக்கும். "வீட்டுக்காரர் பெயர் சாமி பெயரா?" "ஆமாம்." "முருகன் பெயரா?" "இல்லை." சரி, இது உங்கள் ஓலை இல்லை என்று அடுத்த ஓலையைப் புரட்டுவார்கள்.

முன்பின் தெரியாதவரிடமே செய்தியை வாங்கி, அதை அவருக்கே அதிசயமாகத் திருப்பிச் சொல்வதற்கு 'கோல்ட் ரீடிங்' என்று பெயர். நாடியில் இதற்கு ஒரு தனி வசதி உண்டு. கைரேகை பார்ப்பவர் தப்பாகச் சொன்னால் தப்புதான். நாடியில் அது வேறு யாருடைய ஓலையோ, அவ்வளவுதான். எத்தனை 'இல்லை' சொன்னோம் என்பது மனதில் நிற்காது. ஒவ்வொரு கேள்வியும் மிச்சமுள்ள பெயர்களைப் பாதியாகக் குறைத்தால், பத்தே கேள்வியில் 1,024 பெயர்களிலிருந்து ஒன்றைப் பிடித்துவிடலாம். அப்புறம், நம்மால் படிக்க முடியாத பழைய எழுத்திலிருந்து அந்தப் பெயர் பாட்டாக வரும்போது உடம்பு சிலிர்க்கத்தான் செய்யும்.

"குடும்பத்துக்காக விட்டுக்கொடுத்தவர், மனசில் இருப்பதை வெளியே சொல்லமாட்டார்" என்பதெல்லாம் யாருக்கும் பொருந்தும். 1948-ல் அமெரிக்க உளவியலாளர் பெர்ட்ரம் ஃபோரர் தன் மாணவர்கள் 39 பேருக்கு, அவரவர் குணத்தைப் பற்றியது என்று சொல்லி ஒரே குறிப்பைக் கொடுத்தார். எவ்வளவு பொருந்துகிறது என்று கேட்டதற்கு, ஐந்துக்குச் சராசரியாக 4.26 மதிப்பெண் போட்டார்கள்.

சொல்பவரே இதை நம்புவதும் உண்டு. பின்னாளில் உளவியல் பேராசிரியரான ரே ஹைமன் இளம் வயதில் கைரேகை பார்த்தவர், அதை நம்பியவர். நண்பர் ஒருவர் சொன்னதால், ரேகை காட்டுவதற்கு நேர்மாறாகப் பலன் சொல்லிப் பார்த்தார். வந்தவர்கள் அப்போதும் அசந்துபோனார்கள். அதனால் அந்த ஜோதிடரை எடுத்த எடுப்பில் ஏமாற்றுக்காரர் என்று நான் சொல்லமாட்டேன். 30,000 ரூபாய் வேறு விஷயம். அதைக் கொடுக்காதீர்கள்.

அம்மாவிடம் "ஏமாந்துட்டே" என்று தொடங்க வேண்டாம். "முதல்ல என்ன கேட்டாங்க? நீ என்ன சொன்னே?" என்று வரிசையாகச் சொல்ல வையுங்கள். ஓலை படித்ததை ஒலிப்பதிவு செய்து கொடுத்திருந்தால் சேர்ந்து கேளுங்கள். கேள்வி கேட்ட பகுதி அதில் இருக்கிறதா என்று பாருங்கள். இன்னும் சந்தேகம் என்றால், குடும்பத்தில் வேறொருவர் இன்னொரு இடத்துக்குப் போகட்டும். அப்பாவுக்கு ஒரு பொய்ப் பெயரை மனதில் வைத்துக்கொண்டு, அதற்கு ஏற்ற மாதிரியே பதில் சொல்லட்டும். ஓலையில் எந்தப் பெயர் வருகிறது என்பதை அம்மாவே கேட்கட்டும்.

அதற்கெல்லாம் முன்னால், எதைக் கேட்க அங்கே போனார் என்று அம்மாவிடம் விசாரியுங்கள். அப்பாவுக்குச் செய்ததில் ஏதோ குறை என்ற உறுத்தல் இருந்தால், வருஷத் திதிக்கு இன்னும் நான்கு மாதம் இருக்கிறது. அதை எப்படிச் செய்யலாம் என்று இப்போதே அவரோடு உட்கார்ந்து பேசுங்கள்.