மகள் சி.ஏ. தேறிவிட்டார், போர்டு எப்போது மாட்டலாம்?

திருப்பூரிலிருந்து ஒரு தந்தை கேட்கிறார்: “என் மகள் சி.ஏ. இறுதித் தேர்வில் இரண்டு குரூப்பும் தேறிவிட்டாள். மூன்று வருட ஆர்ட்டிகிள்ஷிப் என்ற கட்டாயத் தொழிற்பயிற்சியைக் கோவையில் ஓர் ஆடிட்டரிடம் முடித்தாள். எங்கள் பனியன் கம்பெனிக்குப் பக்கத்தில் ஓர் அறை காலியாக இருக்கிறது. தை பிறந்ததும் போர்டு மாட்டிவிடலாம் என்பது என் எண்ணம். அவளுக்குச் சென்னையில் வேலை வாய்ப்பும் வந்திருக்கிறது. ‘வேலைக்குப் போனாலும் பிராக்டிஸ் சான்றிதழை வாங்கி வைத்துக்கொள்ளட்டும், எதற்கும் உதவும்’ என்று உறவினர் ஒருவர் சொல்கிறார். அதை வாங்க என்னென்ன வேண்டும்?”

ஐயா, முதலில் உங்கள் மகளுக்கு வாழ்த்துகள். இரண்டு குரூப்பையும் தாண்டி வருவது எவ்வளவு பெரிய உழைப்பு என்று எனக்குத் தெரியும். அந்த உழைப்பு வீணாகக் கூடாது என்பதால்தான் சற்று விரிவாகவே எழுதுகிறேன். உங்கள் உறவினர் சொன்ன “எதற்கும் வாங்கி வைத்துக்கொள்ளட்டும்” என்ற யோசனையை மட்டும் தயவுசெய்து ஏற்காதீர்கள். அதன் காரணம் கீழே வருகிறது.

தேர்வில் தேறிய உடனே ஒருவர் ஆடிட்டர் ஆகிவிடுவதில்லை. தேர்ச்சிக்குப் பிறகு இந்தியப் பட்டயக் கணக்காளர் கழகத்தின் உறுப்பினர் பதிவேட்டில் பெயர் ஏற வேண்டும். அப்போதுதான் பெயருக்கு முன்னால் சி.ஏ. என்று போட்டுக்கொள்ள முடியும். உறுப்பினரான பிறகும், தனியாகத் தொழில் செய்யக் கழகத்திடம் சி.ஓ.பி. எனப்படும் தொழில் சான்றிதழைப் பெற வேண்டும். 1949ஆம் ஆண்டின் பட்டயக் கணக்காளர் சட்டம், பிரிவு 6, இதை நேராகவே சொல்கிறது: சான்றிதழ் இல்லாத எந்த உறுப்பினரும் இந்தியாவிலோ வெளியிலோ தொழில் புரியக் கூடாது.

உறுப்பினர் பதிவுக்கு உங்கள் மகளிடம் எல்லாத் தகுதியும் இருப்பதாகவே தெரிகிறது. 21 வயது நிறைந்திருக்க வேண்டும், இறுதித் தேர்வு தேறியிருக்க வேண்டும், ஆர்ட்டிகிள்ஷிப் காலம் முழுவதும் முடிந்து பதிவாகியிருக்க வேண்டும், கழகம் நடத்தும் தகவல் தொழில்நுட்ப, மேலாண்மைப் பயிற்சி வகுப்புகளும் முடிந்திருக்க வேண்டும். கடன் தீர்க்க முடியாமல் நொடித்துப்போனவராக நீதிமன்றத்தால் அறிவிக்கப்பட்டிருந்தாலோ, ஒழுக்கக்கேடான குற்றத்துக்குத் தண்டனை பெற்றிருந்தாலோ பதிவு கிடைக்காது. இருபதுகளில் இருக்கும் பிள்ளைகளுக்கு இந்தத் தடைகள் பெரும்பாலும் பொருந்துவதில்லை. (2023 ஜூலையில் வந்த புதிய பாடத்திட்டத்தில் ஆர்ட்டிகிள்ஷிப் இரண்டு ஆண்டுகளாகக் குறைக்கப்பட்டது. அந்த வழியில் படிப்பவர்கள் சி.ஓ.பி.க்குத் தங்களுக்குப் பொருந்தும் விதியைக் கழகத்திடம் தனியாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். உங்கள் மகள் மூன்று ஆண்டுகள் முடித்தவர்.)

விண்ணப்பம் கழகத்தின் சுயசேவை இணையதளத்தில்தான். உறுப்பினர் பதிவையும் தொழில் சான்றிதழையும் ஒன்றாகவே கேட்கலாம். பதிவை இப்போதும் சான்றிதழைப் பிறகும் கேட்கலாம். இரண்டுக்கும் சேர்த்தே கட்டணம் சில ஆயிரம் ரூபாய்தான் ஆகும், ஜி.எஸ்.டி. தனி. நம் ஊர்ப் பிள்ளைகளுக்குத் தாமதம் வருவதெல்லாம் பெரும்பாலும் இனிஷியலில்தான். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் இனிஷியல் முன்னால், ஆதாரில் அப்பா பெயர் முழுதாகப் பின்னால், பான் அட்டையில் இன்னொரு விதம் என்று இருக்கும். இன்று இரவே மூன்றையும் மேசையில் வைத்து எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். பதிவேட்டில் ஏறும் பெயர்தான் இனி அவர் கையெழுத்திடும் ஒவ்வோர் அறிக்கையிலும் வரப்போகிறது. இப்போது திருத்துவது எளிது.

சி.ஓ.பி. விண்ணப்பத்தில் முக்கியமான கேள்வி ஒன்று உண்டு: வேறு ஏதாவது வேலையிலோ வியாபாரத்திலோ இருக்கிறீர்களா? பல குடும்பங்கள் அதை யோசிக்காமல் “இல்லை” என்று நிரப்பிவிடுகின்றன. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

1988ஆம் ஆண்டின் பட்டயக் கணக்காளர் ஒழுங்குமுறைகளில் 190ஏ என்ற விதி, சி.ஓ.பி. வைத்திருப்பவர் கழகத்தின் அனுமதி இல்லாமல் வேறு தொழிலிலோ வியாபாரத்திலோ ஈடுபடக் கூடாது என்கிறது. சிலவற்றுக்குப் பொது அனுமதியே உண்டு. புத்தகமும் கட்டுரையும் எழுதலாம். வாரத்துக்குச் சராசரி 25 மணி நேரத்துக்கு மிகாமல் பாடம் நடத்தலாம். விவசாய நிலம் வைத்து விவசாயம் பார்க்கலாம். சட்டமன்றத்துக்கோ நாடாளுமன்றத்துக்கோ தேர்ந்தெடுக்கப்படவும் தடையில்லை. ஆடிட் நிறுவனங்களுக்கு வெளியே பார்க்கும் சம்பள வேலை இந்தப் பட்டியலில் இல்லை. அதற்குத் தனியாக விண்ணப்பித்து அனுமதி பெற வேண்டும். அனுமதி கிடைத்தாலும், முழுநேர வேலையில் இருப்பவர் தணிக்கை செய்து சான்றளிக்க முடியாது. இது 2005 ஏப்ரல் முதலே உள்ள கட்டுப்பாடு. ஆர்ட்டிகிள் மாணவர்களை எடுத்துப் பயிற்சி தரவும் முடியாது.

சென்னையில் வேலைக்குப் போய்க்கொண்டே “எதற்கும்” வாங்கி வைக்கும் சான்றிதழால் உங்கள் மகளுக்கு என்ன பயன்? எந்தக் கையெழுத்தைப் போடுவதற்காக அதை வாங்கினாரோ, அந்தக் கையெழுத்தை அவர் போட முடியாது. அனுமதி வாங்காமல் வேலையை மறைத்துவிட்டாலோ, பிறகு யாராவது ஒருவர் புகார் கொடுத்தால் போதும், ஒழுங்கு நடவடிக்கை வரும். வருங்கால வைப்பு நிதிக் கணக்கும் வருமான வரிக் கணக்கும் அவர் எந்த மாதத்தில் எங்கே சம்பளம் வாங்கினார் என்று சொல்லிவிடும்.

இன்னொன்றையும் கேட்க வேண்டும். உங்கள் பனியன் கம்பெனி கூட்டு வணிகமா? பங்குதாரர் பத்திரத்தில் மகளின் பெயரைச் சேர்த்திருக்கிறீர்களா? வரிக்கு வசதியாக இருக்கும் என்று பிள்ளைகள் மேஜரானதும் பத்திரத்தில் சேர்ப்பது கொங்கு நாட்டுத் தொழில் குடும்பங்களில் சாதாரணம். அப்படிச் சேர்த்திருந்தால் அதுவும் “வேறு வியாபாரம்”தான். அவர் ஒரு நாள்கூட கம்பெனிப் பக்கம் வராவிட்டாலும் கழகத்திடம் சொல்லியாக வேண்டும். குடும்ப வியாபாரத்தில் உள்ள பங்குக்கென்று தனி நிபந்தனைகள் இருக்கின்றன. சி.ஓ.பி.க்கு விண்ணப்பிக்கும் முன்பே இதைத் தீர்த்துக்கொள்ளுங்கள்.

தொழில் சான்றிதழ் கையில் வந்ததும் ஒரு மனிதரின் கையெழுத்துக்குச் சட்டம் தரும் எடையே மாறிவிடுகிறது. கம்பெனிகள் சட்டம் 2013இல் “பட்டயக் கணக்காளர்” என்ற சொல்லுக்குப் பொருளே, செல்லுபடியாகும் சி.ஓ.பி. வைத்திருப்பவர் என்பதுதான். வருமான வரித் தணிக்கை அறிக்கையிலும் அதே நிலை. ஒரு காட்சியைச் சொல்கிறேன். பக்கத்துத் தெருக்காரர் மகனை வெளிநாட்டுக்குப் படிக்க அனுப்புகிறார். விசாவுக்கு நெட்வொர்த் சான்றிதழ் வேண்டும். வீட்டுப் பத்திரம், நகை மதிப்பீடு, வங்கி வைப்புத்தொகை ரசீதுகள், கடன் கணக்கு எல்லாவற்றையும் பார்த்து, கடன் போக நிகரம் இவ்வளவு என்று எழுதி, ஆடிட்டர் கையெழுத்திடுகிறார். அதோடு வேலை முடியாது. கழகத்தின் தளத்தில் நுழைந்து, அந்த ஆவணத்தின் விவரங்களைப் பதிந்து, யூடின் எனும் 18 இலக்க அடையாள எண் எடுத்து அதில் குறிக்க வேண்டும். முதல் இரண்டு இலக்கம் ஆண்டு, அடுத்த ஆறு அவருடைய உறுப்பினர் எண், மீதிப் பத்தையும் கணினி தருகிறது. 2019 பிப்ரவரியில் சான்றிதழ்களுக்குக் கட்டாயமாகி, அதே ஆண்டு ஜூலைக்குள் எல்லாத் தணிக்கைகளுக்கும் வந்துவிட்டது. வங்கி மேலாளரோ தூதரக அலுவலரோ அந்த எண்ணைத் தட்டிப் பார்த்தால், யார், எந்தத் தேதியில், எந்த ஆவணத்துக்குக் கையெழுத்திட்டார் என்று உடனே தெரிந்துவிடும். பழைய காலத்தைப் போல “அது என் கையெழுத்தே இல்லை” என்று சொல்லித் தப்பவும் வழியில்லை. பிறர் அவர் பெயரில் போலிச் சான்றிதழ் அடிக்கவும் எளிதில்லை. நேர்மையாகத் தொழில் செய்பவருக்கு இது பெரிய பாதுகாப்பு.

போர்டு மாட்டிய வாரத்திலேயே சிலர் தேடி வருவார்கள். “மேடம், கணக்கெல்லாம் நாங்களே தயார் செய்துவிடுவோம், ஃபைல் அனுப்புகிறோம், கையெழுத்து மட்டும் போட்டால் போதும், ஃபீஸில் பாதி உங்களுக்கு” என்பார்கள். புதிதாக வந்தவருக்கு வாடகை கட்ட வேண்டிய நேரத்தில் அந்தத் தொகை பெரிதாகத் தெரியும். தாமோ தம் பங்குதாரரோ ஊழியரோ பார்வையிடாத கணக்குக்கு அறிக்கை தருவது சட்டப்படி தொழில்முறைத் தவறு. உறுப்பினர் அல்லாதவரோடு கட்டணத்தைப் பங்கிட்டுக்கொள்வதும் தவறு. வேலை கேட்டு வாசல் வாசலாக ஆள் அனுப்புவதும் கூடாது. தவறின் கனத்தைப் பொறுத்துப் பெயர் பதிவேட்டிலிருந்து நிரந்தரமாக நீக்கப்படும் அளவுக்குப் போகலாம். ஒருவருடைய தணிக்கையை ஏற்கும் முன், அதற்கு முன்பு இருந்த ஆடிட்டருக்கு எழுத்தில் தெரிவித்தாக வேண்டும் என்பதையும் புதியவர்கள் மறந்துவிடுகிறார்கள். ஊருக்குள் தெரிந்தவர்தானே என்று போனில் சொல்வது போதாது.

இதற்கு நேர் எதிரான தவறும் நடக்கிறது. உறுப்பினராகிவிட்டார், சி.ஓ.பி. வாங்கவில்லை, ஆனால் தெரிந்தவர் கடைக்கு மாதம் இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு கணக்கு எழுதித் தருகிறார். தணிக்கை இல்லையே, கணக்குதானே என்று நினைக்கிறார்கள். கூலி பெற்றுக்கொண்டு கணக்கியல் சேவை தருவதையும் சட்டம் தொழில் புரிவதாகவே கொள்கிறது.

போர்டில் எழுதும் பெயரைப் பற்றி: சொந்தப் பெயரில் தொழில் செய்யலாம். “அண்ட் கோ” போட்டோ வேறு பெயரிலோ தொடங்குவதென்றால், பெயருக்குக் கழகத்தின் ஒப்புதல் பெற்று, படிவம் 18 வழியாக நிறுவனத்தைப் பதிய வேண்டும். எண் கணிதம் பார்த்துப் பெயர் வைப்பதாக இருந்தால் இரண்டு மூன்று பெயர்களை வைத்துக்கொள்ளுங்கள். முதல் பெயர் வேறொருவரிடம் இருக்கலாம். ஒப்புதல் வரும் முன் போர்டுக்குப் பெயிண்டரைக் கூப்பிட வேண்டாம்.

சான்றிதழைப் பெற்ற பின் ஆண்டுதோறும் கவனிக்க வேண்டியவையும் உண்டு. உறுப்பினர் கட்டணமும் சி.ஓ.பி. கட்டணமும் ஏப்ரல் 1 அன்று சேர்கின்றன. செப்டம்பர் 30க்குள் கட்டிவிட வேண்டும். அது வரித் தணிக்கை நெருக்கடியில் மூச்சுவிட நேரமில்லாத மாதம், ஆகவே ஏப்ரலிலேயே கட்டிவிடச் சொல்லுங்கள். கட்டத் தவறினால் பெயர் நீக்கம் வரை போகும், நீக்கப்பட்ட காலத்தில் போட்ட கையெழுத்தெல்லாம் கேள்விக்குள்ளாகும். தொடர் கல்வி நேரங்களையும் நிறைவு செய்ய வேண்டும். கோவையிலும் திருப்பூரிலும் உள்ள கழகக் கிளைகள் அதற்கான கூட்டங்களை நடத்துகின்றன. வரித் தணிக்கையில் ஓர் உறுப்பினருக்கு ஆண்டுக்கு 60 என்ற உச்சவரம்பு உண்டு, புதியவருக்கு அது இப்போதைக்குக் கவலையில்லை. டிஜிட்டல் கையெழுத்தும், வருமான வரித் தளத்தில் ஆடிட்டர் என்ற வகையில் தனிப் பதிவும் முதல் மாதத்திலேயே வேண்டும்.

என் கருத்தைக் கேட்டால், உறுப்பினர் பதிவை இந்த மாதமே முடித்துவிடுங்கள், அதைத் தள்ளிப்போட எந்தக் காரணமும் இல்லை. சி.ஓ.பி. பற்றிய முடிவை உங்கள் மகளே எடுக்கட்டும். சென்னை வேலைக்குப் போவதாக இருந்தால் இப்போது அது வேண்டாம். இரண்டு வருடம் கழித்துத் திரும்பி வந்தாலும் அதே தகுதியோடு விண்ணப்பிக்கலாம், தகுதி காலாவதியாகாது. தனியாகத் தொடங்குவதாக இருந்தால் முழுநேரத் தொழிலாக எடுத்துக்கொள்ளட்டும். முதல் ஆண்டு வருமானத்தைப் பார்த்து வீட்டில் யாரும் முகம் சுளிக்கக் கூடாது. வங்கிக் கிளைத் தணிக்கைக்கான பட்டியலில் சேர விண்ணப்பிப்பது, மூத்த ஆடிட்டர் ஒருவரோடு பங்குதாரராகச் சேர்வது போன்ற வழிகள் அவருக்குத் தெரியும். மூன்றாவதாக ஒரு வழியும் இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்: கோவையிலோ ஈரோட்டிலோ நடுத்தர ஆடிட் நிறுவனம் ஒன்றில், சி.ஓ.பி. வாங்காமல், சம்பளத்துக்கு இரண்டு ஆண்டுகள். ஆர்ட்டிகிளாக இருந்தபோது மேலே அனுப்பிய ஃபைலை, இப்போது மேலே உட்கார்ந்து பார்க்கும் பழக்கம் அங்கேதான் வரும்.

நீங்கள் எழுதாமல் விட்ட ஒன்றும் உங்கள் மனத்தில் இருக்கும் என்று நினைக்கிறேன். இனி நம் கம்பெனிக் கணக்கை மகளே தணிக்கை செய்துவிடுவாள் என்பது. அது முடியாது, ஐயா. கூட்டு வணிகத்தின் பங்குதாரருடைய உறவினர் அந்த நிறுவனத்தின் வரித் தணிக்கை அறிக்கையில் கையெழுத்திட வருமான வரிச் சட்டம் இடம் தரவில்லை. நாளை அதைப் பிரைவேட் லிமிடெட் ஆக்கினாலும் நீங்கள் இயக்குநராக இருக்கும் வரை உங்கள் மகள் அதன் ஆடிட்டராக முடியாது. இப்போதுள்ள ஆடிட்டரே தொடரட்டும். ஜி.எஸ்.டி. கணக்கும் ஜாப் ஒர்க் ரசீதுகளும் ஒழுங்காக இருக்கின்றனவா என்று மகள் வீட்டில் உட்கார்ந்து பார்த்துச் சொல்வதை யாரும் தடுக்கப் போவதில்லை. என்னை நேரில் பார்க்க வரும்போது பங்குதாரர் பத்திரத்தின் நகலையும், மகளின் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலையும் எடுத்து வாருங்கள். விண்ணப்பத்தைத் தொடுவதற்கு முன் அவை இரண்டையும் நான் பார்க்க வேண்டும்.