கம்பெனிக்காக யார் கையெழுத்துப் போடலாம்? – கேள்வி பதில்

பெங்களூருவில் தொழில் செய்யும் நம்மவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. நான் கம்பெனி செக்ரட்டரி, தெரிந்தவரை சொல்கிறேன்.

பீன்யாவில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன் சார். ஒரு பிரைவேட் லிமிடெட் கம்பெனியின் பர்ச்சேஸ் மேனேஜர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு ஸ்டாம்ப் குத்திக் கொடுத்தார். சரக்கும் போய்விட்டது. இப்போது, "அவருக்கு அதிகாரமே இல்லை" என்கிறார்கள். பணம் போச்சா?

அவ்வளவு சுலபமாகப் போகாது. 2013 கம்பெனிச் சட்டம் 21ஆம் பிரிவுப்படி எம்.டி., செக்ரட்டரி, சி.எஃப்.ஓ. (நிதித் தலைவர்) போன்றவர்கள் கையெழுத்திடலாம், மற்ற ஊழியருக்கு போர்டு, அதாவது டைரக்டர்கள் குழு, அதிகாரம் தந்திருக்க வேண்டும். உங்கள் மேனேஜர் இரண்டாவது ரகம்.

போர்டு தரவே இல்லை என்றே வைத்துக்கொள்வோம். 1872 ஒப்பந்தச் சட்டம் 237ஆம் பிரிவு இருக்கிறது: தன் ஆளுக்கு அதிகாரம் உண்டு என்று நீங்கள் நம்பும்படி கம்பெனி நடந்துகொண்டிருந்தால், அது கைகழுவ முடியாது. ஆகவே பழைய பர்ச்சேஸ் ஆர்டர்களைத் தேடுங்கள். இதே ஆள் கையெழுத்திட்டு, கம்பெனி கணக்கிலிருந்து பணம் வந்திருக்கிறதா? கேட் சீல் விழுந்த டெலிவரி சலான் இருக்கிறதா? உங்கள் பில்லில் உள்ள வரியைத் தங்கள் வரியில் கழித்துக்கொண்டு ஜி.எஸ்.டி. கிரெடிட் எடுத்திருக்கிறார்களா? எடுத்துக்கொண்டு, "அதிகாரம் இல்லை" என்றால் எடுபடுவது கஷ்டம். எல்லாவற்றையும் கோர்த்து வக்கீலிடம் கொடுங்கள்.

டைரக்டர் கையெழுத்து என்றால் போதும்தானே?

இல்லை. அதிகாரம் போர்டுக்கு, தனி டைரக்டருக்கு அல்ல. முழுநேர டைரக்டர் என்றால் சரி. பெயருக்கு டைரக்டராக இருப்பவருக்கு போர்டின் ரெசல்யூஷன் (தீர்மானம்) வேண்டும்.

காமன் சீல் (கம்பெனியின் அதிகாரபூர்வ முத்திரை) கட்டாயமா?

2015 திருத்தத்துக்குப் பிறகு இல்லை. சாதாரண ரப்பர் ஸ்டாம்பையே காமன் சீல் என்று நினைப்பவர்கள் இன்னும் உண்டு, அது வேறு கதை.

இந்திராநகரில் எங்கள் மாடியை ஒரு கம்பெனிக்கு வாடகைக்கு விடப்போகிறோம். என்ன கேட்டு வாங்க வேண்டும்?

போர்டு ரெசல்யூஷனின் சான்றிட்ட நகல். அதில் கையெழுத்திடுபவர் பெயர் இருக்கிறதா, தேதி அக்ரிமென்ட்டுக்கு முந்தியதா என்று பாருங்கள். ஒருமுறை என் மேஜைக்கு வந்த நகலில் தேதி அக்ரிமென்ட்டுக்கு 3 வாரம் பிந்தியிருந்தது! கார்ப்பரேட் விவகார அமைச்சகத்தின் தளத்தில் டைரக்டர்கள் பெயரையும் சரிபாருங்கள். அதற்குமேல், போர்டு மீட்டிங் முறையாக நடந்ததா என்று துருவ வேண்டியதில்லை. 1856இல் இங்கிலாந்தின் டர்குவாண்ட் வழக்கில் வந்த கொள்கை அது. ஆனால் சந்தேகப்படக் காரணம் இருந்தும் கேட்காமல் விட்டால் அது உங்களைக் காப்பாற்றாது.

நான் வெறும் ஊழியன் அண்ணா. முதலாளி, "நீயே போட்டுவிடு" என்கிறார்.

ரெசல்யூஷன் நகலை வாங்கிய பிறகு போடுங்கள். கம்பெனி பெயரை மேலே எழுதி, கீழே, "அதிகாரம் பெற்ற கையொப்பதாரர்" என்று இருக்கட்டும். இல்லாத அதிகாரத்தைக் காட்டிக் கையெழுத்திட்டு, கம்பெனியும் ஏற்க மறுத்தால், ஒப்பந்தச் சட்டம் 235ஆம் பிரிவுப்படி எதிராளியின் நஷ்டம் உங்கள் தலையில்தான் விடியும்.