பிள்ளைக்காகக் கேட்கும் பணம்

அன்புள்ள அக்காவுக்கு,

ஸ்தோத்திரம். வெளிநாட்டிலிருந்து ஒரு பெண் பிள்ளையைத் தத்தெடுக்க விண்ணப்பித்திருக்கிறோம். எங்கள் வீட்டையும் குடும்பத்தையும் விசாரித்துப் பார்க்கும் ஹோம் ஸ்டடி முடிந்து, பிள்ளையின் விவரங்களும் வந்துவிட்டன. இப்போது நீதிமன்றத் தேதிக்காகக் காத்திருக்கிறோம். சேமிப்பெல்லாம் கரைந்துவிட்டது. மிச்சத்தைச் சபையிலும் நண்பர்களிடமும் திரட்ட வேண்டும். என் கணவருக்கு அது உறுத்துகிறது. இங்கிலாந்தில் அநாதை இல்லங்கள் நடத்திய ஜார்ஜ் முல்லர் யாரிடமும் கேட்காமல் ஜெபம் மட்டும்தானே பண்ணினார், நாம் கேட்பது விசுவாசக் குறைவு என்கிறார். சபையில் சிலரோ, பிள்ளையின் போட்டோவைப் போட்டு அவள் கதையை எழுதுங்கள், பணம் தானாக வரும் என்கிறார்கள். நாள் ஆக ஆக எனக்கு அந்த நாட்டு அதிகாரிகள் மேல் கோபம் வருகிறது. சத்துரு, அதாவது சாத்தான், தடுக்கிறான் என்று ஜெபக் கூட்டத்திலும் சொன்னார்கள். என்ன செய்வது?

ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

கேட்பதில் தவறே இல்லை. எருசலேமில் இருந்த ஏழைகளுக்காகப் பவுல் சபை சபையாகக் கேட்டு வாங்கினார். கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தில் 8, 9 அதிகாரங்கள் முழுக்க அந்தப் பேச்சுதான். ஆனால் அவர் பணத்தைத் தன் ஒருவர் கையில் விட்டுக்கொள்ளவில்லை. தீத்துவோடு இன்னும் இரண்டு சகோதரர்களையும் அனுப்புகிறார். இவ்வளவு பெரிய தொகை விஷயத்தில் யாரும் எங்களைக் குறை சொல்லிவிடக் கூடாது என்று காரணத்தையும் எழுதுகிறார். முல்லர் மனிதரிடம் கேட்கவில்லை, உண்மை. ஆனால் வந்த பணத்துக்கும் செலவுக்கும் வருஷா வருஷம் அறிக்கை அச்சிட்டார். கேட்டவரும் சரி, கேட்காதவரும் சரி, கணக்கில் ஒரே மாதிரி கண்டிப்பாக இருந்திருக்கிறார்கள். உங்கள் கணவரின் உறுத்தலுக்கு இதில் பதில் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

அதனால் தனியாக ஒரு வங்கிக் கணக்கு தொடங்குங்கள். உங்கள் உறவுக்கு வெளியே இரண்டு பேர் அதைப் பார்க்கட்டும். ஏஜென்சி கட்டணம், ஆவணச் சான்று, மொழிபெயர்ப்பு, நீதிமன்றச் செலவு, பயணம், அங்கே தங்கும் நாட்கள் என்று எதற்குக் கேட்கிறீர்களோ அதைப் பிரித்து எழுதுங்கள். போலீஸ் சான்றும் மருத்துவ அறிக்கையும் காத்திருக்கும்போதே காலாவதியாகிவிடும், மறுபடி வாங்க வேண்டியிருக்கும். பலரும் இதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. பிள்ளை வந்த பிறகு ஆகும் மருத்துவச் செலவும் ஆலோசனைச் செலவும் அப்படித்தான் விட்டுப்போகும்.

இன்னொன்றையும் முதல் நாளே சொல்லிவிடுங்கள்: இது நடக்காமலும் போகலாம். எத்தியோப்பியா 2018-ல் வெளிநாட்டுத் தத்தைத் தடை செய்தது. சீனா 2024-ல் நெருங்கிய உறவினரைத் தவிர மற்ற வெளிநாட்டவருக்குக் கதவை மூடியது. பிள்ளையின் பெயரும் முகமும் தெரிந்து, வருஷக்கணக்காகக் காத்திருந்த குடும்பங்கள் அப்படியே நின்றுபோயின. ஏஜென்சிக்குக் கட்டிய பணம் பெரும்பாலும் திரும்பி வராது. மிஞ்சுவதைத் திருப்பித் தருவீர்களா, வேறொரு குடும்பத்துக்குக் கொடுப்பீர்களா என்பதை வாங்கும்போதே எழுதிக் கொடுத்துவிட்டால், பின்னால் யார் முகத்தையும் தைரியமாகப் பார்க்கலாம்.

ரசீது இல்லாமல் 'காப்பகத்துக்கு நன்கொடை' என்று யாராவது கேட்டால் கொடுக்காதீர்கள். நாடு விட்டு நாடு தத்தெடுப்பதற்கான 1993-ம் ஆண்டு ஹேக் உடன்படிக்கை அனுமதிப்பது செலவுகளையும் நியாயமான தொழில்முறைக் கட்டணத்தையும் மட்டும்தான். அதற்கு மேல் ஒருவர் கைக்குப் போகும் பணம், இன்னொரு பிள்ளையைத் தாயிடமிருந்து பிரிக்கத் தூண்டுகோலாகிவிடும். சபையார் கொடுத்த காணிக்கை அதற்கா போக வேண்டும்?

அப்புறம் அந்தப் போட்டோ. தயவு செய்து வேண்டாம். தத்து முடிவாகும் முன் படத்தை வெளியிடக் கூடாது என்று பல ஏஜென்சிகளும் நாடுகளும் விதி வைத்திருக்கின்றன. ஆனால் விதி இல்லாவிட்டாலும் இதையே சொல்வேன். அவள் எப்படிக் கைவிடப்பட்டாள், அம்மாவுக்கு என்ன ஆயிற்று, உடம்புக்கு என்ன என்பதெல்லாம் அவளுக்குச் சொந்தம். அவள் அதைக் கேட்டுப் புரிந்துகொள்ளும் முன்னமே சபை முழுக்கத் தெரிந்திருந்தால், பிறகு அவள் எங்கே ஒளிந்துகொள்வாள்? என் மகளும் தத்து வழியாக எங்களிடம் வந்தவள், இப்போது வேலைக்குப் போகிறாள். உங்கள் கடிதத்தை அவளிடம் வாசித்துக் காட்டினேன். "என்னைக் கொண்டுவரக் காசு கொடுத்தேன் என்று யாராவது என் கன்னத்தைக் கிள்ளியிருந்தால், அந்தச் சபைக்கே போயிருக்க மாட்டேன்" என்றாள். உங்களைப் பற்றி எழுதுங்கள். ஏன் இந்த முடிவெடுத்தீர்கள், எவ்வளவு தேவை என்று எழுதுங்கள். கொடுக்கிறவர்களுக்கு அது போதும். போதாது என்பவரின் பணம் இல்லாமலும் சமாளிக்கலாம்.

காத்திருப்பைப் பற்றி. கோபம் வருவது எனக்குப் புரிகிறது. கையெழுத்து போடாமல் கிடக்கும் கோப்பு எல்லா நாட்டிலும் உண்டு, அதைக் கேட்டு நச்சரிப்பதும் நியாயம்தான். ஆனால் அந்த மாதங்களில் நடக்க வேண்டிய முக்கியமான வேலை ஒன்று இருக்கிறது. இந்தப் பிள்ளைக்கு அங்கேயே அம்மாவோ பாட்டியோ சித்தியோ இருக்கிறார்களா, சம்மதம் தெரிந்துதான் கொடுத்தார்களா என்று விசாரிப்பது. அது அவசரத்தில் கெட்டுப்போனதற்கு உதாரணங்கள் உண்டு. 2010 ஹெய்தி பூகம்பத்துக்குப் பிறகு, அமெரிக்காவிலிருந்து போன ஒரு கிறிஸ்தவக் குழு 33 பிள்ளைகளை உரிய ஆவணங்கள் இல்லாமல் எல்லை தாண்டிக் கொண்டுபோகப் பார்த்துக் கைதானது. அந்தப் பிள்ளைகளில் பலருக்குப் பெற்றோர் உயிரோடு இருந்தார்கள். தென்கொரியாவிலிருந்து வெளிநாடு போன பிள்ளைகள் சிலர், பெற்றோர் இருந்தும் அநாதைகள் என்று பதியப்பட்டதை அந்நாட்டு உண்மை கண்டறியும் ஆணையம் 2025-ல் வெளிப்படையாகச் சொன்னது. ஜெபம் பண்ணின, நல்ல மனசுள்ள குடும்பங்களுக்குத்தான் அந்தப் பிள்ளைகளில் பலர் போனார்கள்.

தத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் நாம் யாக்கோபு 1:27-ஐ எடுக்கிறோம். துன்பப்படுகிறவர்களை விசாரிக்கச் சொல்லும் அந்த வசனத்தில் திக்கற்ற பிள்ளைகளோடு விதவைகளும் இருக்கிறார்கள். உங்கள் மகளைப் பெற்றவள் அந்த விதவையாக இருக்கலாம். சத்துரு தடுக்கிறான் என்று கூட்டத்தில் யாராவது ஜெபிக்கும்போது, நீங்கள் அவளுக்காகவும், விசாரிக்கும் அதிகாரி ஒன்றையும் மறைக்காமல் எழுத வேண்டும் என்றும் ஜெபியுங்கள். 'சீக்கிரம் நடக்கட்டும்' என்பதைவிட 'சரியாக நடக்கட்டும்' என்று கேட்பது கஷ்டம், தெரியும். பாட்டி ஒருத்தி இருக்கிறாள், அவள் வளர்ப்பாள் என்று தெரியவந்தால், அழுதுகொண்டாவது ஸ்தோத்திரம் சொல்ல வேண்டியிருக்கும்.

இதற்கிடையில் அவளுடைய மொழியில் பசி, வலி, பயம், கழிவறை, நான் இங்கேதான் இருக்கிறேன் என்பதற்கெல்லாம் சொற்களைப் படித்து வையுங்கள். தத்து வழியாக வளர்ந்து பெரியவர்களான இரண்டு மூன்று பேரைத் தேடிப்போய்ப் பேசுங்கள்.

கணக்கைப் பார்க்க ஒத்துக்கொண்ட அந்த இருவர் யார் என்று முடிவானதும், செலவுப் பட்டியலோடு எழுதுங்கள். பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அக்கா