சான்றுப் பொருள் 5

அன்புள்ள ஐயா,

என் நண்பனை 2012-இல் வெட்டிக் கொன்றார்கள். ஏரி ஆக்கிரமிப்பு பற்றி மனு கொடுத்ததுதான் காரணம். வழக்கு 11 வருடம் நடந்தது. ஐந்து பேரில் இரண்டு பேருக்கு ஆயுள், மூன்று பேர் விடுதலை. தீர்ப்பு நாளில் கோர்ட் வாசலில் நின்றேன். அழுகைகூட வரவில்லை. இதற்காகவா இவ்வளவு காலம் அலைந்தோம் என்றிருந்தது. தூக்கு கொடுத்திருந்தால் மனம் ஆறியிருக்குமா? அவன் என் பைக்கை வாங்கிக்கொண்டு போனால் டேங்கைக் காலி பண்ணித்தான் திருப்பித் தருவான். இப்போது அவனை நினைத்தால் வழக்குக் கட்டில் பார்த்த போட்டோதான் கண்ணில் வருகிறது. தீர்ப்புக்குப் பிறகு அவன் அம்மாவைப் போய்ப் பார்க்கவில்லை. என்ன சொல்லிக்கொண்டு போவது?

க.

அன்புள்ள க,

தூக்கு கொடுத்திருந்தாலும் ஆறாது. அதை விடுங்கள்.

2025 ஏப்ரலில் கண்ணகி-முருகேசன் வழக்கின் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்ததிலிருந்து இதே யோசனையாகத்தான் இருந்தேன். சாதி மறுத்து மணந்த அந்த இருவரையும் 2003 ஜூலையில் விருத்தாசலம் பக்கம் புதுக்கூரைப்பேட்டையில் விஷம் கொடுத்துக் கொன்று எரித்தார்கள். முருகேசன் வீட்டார் புகார் கொடுக்கப் போனால் போலீஸ் வாங்கவில்லை. பிறகு போட்ட வழக்கிலோ அவன் சொந்தக்காரர்களையும் குற்றவாளிகளாகச் சேர்த்தார்கள். சிபிஐ வந்து, 2021-இல் கடலூர் நீதிமன்றம் ஒருவருக்குத் தூக்கும் 12 பேருக்கு ஆயுளும் விதித்தது. மறுவருடமே உயர் நீதிமன்றம் அந்தத் தூக்கை ஆயுளாகக் குறைத்தது. எல்லாம் முடிய 22 வருடம். முருகேசனைப் பற்றி நமக்கு என்ன தெரியும்? பொறியியல் படித்தவன். அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. விஷத்தை எப்படி ஊற்றினார்கள் என்பது மட்டும் ஒன்று விடாமல் தெரியும்.

நீதி போதவில்லை என்கிறீர்கள். போதாதுதான். மதுரைப் பக்கம் மேலவளவில் 1997-இல் பஸ்ஸை மறித்துப் பஞ்சாயத்துத் தலைவரையும் உடன் வந்தவர்களையும் வெட்டிக் கொன்ற வழக்கில், ஆயுள் பெற்றவர்களில் 13 பேரை 2019-இல் அரசே முன்விடுதலை செய்தது. அந்த வீட்டுக்காரர்களிடம் என்ன சமாதானம் சொல்ல முடியும்?

ஆனால் உங்கள் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. மூன்று பேர் விடுதலையானதை எதிர்த்து உங்கள் நண்பனின் அம்மாவே மேல்முறையீடு செய்யலாம். 2009 கடைசியில் அமலுக்கு வந்த சட்டத்திருத்தம் அந்த உரிமையைக் கொடுத்திருக்கிறது. நாள் கடந்திருந்தாலும் தாமதத்தை மன்னிக்கக் கேட்டு மனு போட வழி உண்டு. இதை யாராவது அவரிடம் சொன்னார்களா? நீங்கள் போயிருந்தால் சொல்லியிருக்கலாம். வாய்தாவுக்கு வாய்தா அந்த அம்மாவோடு போய் நின்றவர் நீங்கள். கோர்ட் முடிந்ததும் உறவும் முடிந்துவிட்டதா?

என் ஹாஸ்டல் அறை நண்பன் கொலையான வழக்கில் நான் அரசுத் தரப்பு ஏழாவது சாட்சி. சம்பவம் நடந்து ஆறு வருடம் கழித்துக் கூண்டில் ஏற்றினார்கள். காக்கிக் கவரைப் பிரித்து ஒரு வாட்சை எடுத்துக் காட்டினார்கள். சான்றுப் பொருள் 5. சாவி கொடுக்கிற எச்.எம்.டி. வாட்ச். அவனுக்குக் கை ஒல்லி. ஆணியைச் சுட்டு, வாரில் கூடுதலாக ஓர் ஓட்டை போட்டுக் கொடுத்ததே நான்தான். ஓட்டையைச் சுற்றிக் கருகியிருக்கும். அதைச் சொல்லித்தான் அடையாளம் காட்டினேன். போலீஸ் விசாரணையில் இதைச் சொல்லவில்லையே, இப்போது ஜோடித்துச் சொல்கிறீர்கள் என்றார் எதிர்த்தரப்பு வக்கீல். அதற்கப்புறம் வெகுகாலம் அந்த வாட்சை நினைத்தாலே கவரும் அதில் கட்டியிருந்த அட்டையும்தான் ஞாபகம் வரும். காலையில் அதற்குச் சாவி கொடுத்துக்கொண்டே ஃபார்முலாக்களை ஒப்பிப்பான். அது மறந்தே போயிருந்தது.

கோர்ட்டைக் குறை சொல்லவில்லை. ஒருவன் எப்படிச் செத்தான் என்று கேட்பதுதான் அதன் வேலை. ஆனால் அதையே பதினோரு வருடம் சொல்லிச் சொல்லி, நம் கையிலும் அது ஒன்றுதான் மிஞ்சுகிறது. உங்களுக்கு வழக்குக் கட்டுப் போட்டோ, எனக்குக் காக்கிக் கவர்.

மேல்முறையீடும் முடிந்து வாட்சைத் திருப்பிக் கொடுத்தார்கள். கையெழுத்துப் போட அவன் அம்மாவைக் கூட்டிப் போக ஆளில்லாததால் நான் போனேன். வீட்டுக்கு வந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இந்த ஓட்டை மட்டும் ஏன் தம்பி கருகிக் கிடக்கு?” என்றார். சொன்னேன். ஆணி கைதவறி விழுந்து பாய் பொசுங்கியதையும், வார்டன் வந்தபோது அதன் மேல் அவன் சப்பணமிட்டு உட்கார்ந்துகொண்டதையும் சொன்னேன். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். “இன்னும் சொல்லு” என்றார். விளக்கு வைக்கிற நேரம் வரை சொன்னேன். அத்தனை வருடமும் அவர் மகன் செத்ததைப் பற்றித்தான் எல்லோரும் அவரிடம் பேசியிருக்கிறார்கள்.

உங்கள் கடிதத்தில் அவன் உயிரோடு இருப்பது ஒரே ஒரு வரியில்தான், டேங்கைக் காலி பண்ணித் தருவான் என்று எழுதிய இடத்தில். அது அவன் அம்மாவுக்குத் தெரியுமா? இந்த ஞாயிற்றுக்கிழமை போய்ச் சொல்லுங்கள். மேல்முறையீட்டைப் பற்றி அப்புறம் பேசிக்கொள்ளலாம். கிளம்பும் முன் ஒரு போன் செய்துவிடுங்கள். திடீரென்று வாசலில் போய் நின்றால், கோர்ட்டிலிருந்து ஏதோ சேதி வந்திருக்கிறது என்று பயந்துவிடுவார்.